யார் நம்பரையும் போடாதே

குயின் ஸ்ட்ரீட்டில் பழனியப்பன் கடையைத் தேடி யாரும் அலைந்ததில்லை. முன்கண்ணாடி முழுக்கப் பிள்ளைகளின் படங்கள் ஒட்டியிருக்கும் ஒரே கடை அதுதான். உள்ளே நோட்டுப் புத்தகம், பேனா, ஃபோட்டோஸ்டாட் இயந்திரம். வெளியே, பல்கலைக்கழகத்துக்கும் அதற்கு முந்திய மெட்ரிகுலேஷன் கல்லூரிக்கும் போன பிள்ளைகளின் முகங்கள். ஒவ்வொன்றின் கீழும் பெயர், ஆண்டு, படிப்பு. முப்பது வருஷமாக அந்தத் தெருப் பிள்ளைகளுக்கு விண்ணப்பம் நிரப்பிக் கொடுக்கிற மனுஷன். ஊர்ச் சங்கக் கூட்டமென்றால் மேடையில் அவருக்கொரு நாற்காலியும் கழுத்துக்கு ஒரு மாலையும் நிச்சயம். கண்ணாடியைப் பார்க்கிறவர்கள், அந்தப் பிள்ளைகளுக்குப் பதிலாக அவரே உட்கார்ந்து பரீட்சை எழுதினார் என்று நினைத்துக்கொள்வார்கள். அவரும் இல்லையென்று சொன்னதில்லை.

கடைக்கு நேர் எதிரே அப்துல் காதரின் சாப்பாட்டுக் கடை. சனிக்கிழமை காலை பத்து மணிக்கு அதன் மூன்றாவது மேசைக்குச் சாந்தினி வந்துவிடுவாள். முப்பத்தெட்டு வயது. வீடு ஆயர் ஈத்தாம் அடுக்குமாடியில். வேலை பத்து காவானில், ஒரு தொழிற்சாலையின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில். வாரத்தில் ஐந்து நாள் நுண்ணோக்கியில் கண்ணை வைத்து மின்னணுச் சில்லுகளில் குறை கண்டுபிடிப்பவள், ஆறாவது நாள் நான்காம் படிவத்து, பதினாறு வயதுப் பிள்ளைகளின் மேற்படிப்புத் திட்டங்களில் குறை கண்டுபிடிக்க வருவாள். உட்காருவது எப்போதும் பழனியப்பன் கடையைப் பார்த்த நாற்காலியில். வேறு யாராவது அதில் உட்கார்ந்து ரொட்டி சானாய் சாப்பிட்டுக்கொண்டிருந்தால், தட்டோடு எழுப்பிப் பக்கத்து மேசைக்கு அனுப்பிவிடுவாள்.

“ஏன் சாந்தினி, அந்த நாற்காலில மட்டும் என்ன இருக்கு?” என்று அப்துல் காதர் கேட்பார்.

“காத்து நல்லா வருது, காதர் அண்ணே.”

“ஃபேன் இந்தப் பக்கம்லாம்மா இருக்கு!”

அவள் நாற்காலியை நகர்த்தாமல் நோட்டைத் திறப்பாள்.

நல்ல மனசு உள்ள பொண்ணு என்று தெருவில் பேச்சு. நல்ல மனசாவது, மண்ணாவது. அந்தக் கண்ணாடியில் இருக்கிற படங்கள் வருஷத்துக்கு வருஷம் குறைய வேண்டும், அதுதான் அவளுக்கு வேண்டியது. அவளிடம் வந்த பிள்ளை பழனியப்பனிடம் போகாது. பழனியப்பனிடம் போகாத பிள்ளையின் படத்தை அவர் ஒட்டிக்கொள்ள முடியாது. ஒன்பது வருஷமாக இதே வேலை. முன்பெல்லாம் ஆண்டுக்குப் பதினெட்டு, இருபது புதுப் படங்கள் ஏறும். போன வருஷம் ஏறியவை மூன்று. ஒவ்வொரு சனிக்கிழமையும் வந்த உடனே அவள் முதலில் பார்ப்பது அதைத்தான். அதற்கப்புறம்தான் தே தாரிக் டீ சொல்லுவாள்.

மேசைக்கு வருகிற பிள்ளைக்கு முதலில் ஒரு நோட்டுப் புத்தகம் கொடுப்பாள். முதல் பக்கத்தில் மூன்று வரி எழுதச் சொல்வாள். சொந்தக் கைப்பேசி எண், சொந்த மின்னஞ்சல், சொந்தமாக யோசித்த கடவுச்சொல். கடைசி வரியை எழுதியதும் கையால் மூடிக்கொள்ள வேண்டும், அவளுக்கும் காட்டக் கூடாது. அடுத்த பக்கத்தில் பாடங்கள். ஐந்தாம் படிவத்துக் கடைசிப் பரீட்சையான எஸ்.பி.எம்.மில் எதெது விழுந்தால் எந்தக் கதவு சாத்திக்கொள்ளும் என்று கோடு போட்டுக் காட்டுவாள். அதற்கடுத்த பக்கம் கோகு, அதாவது பாடத்துக்கு வெளியே விளையாட்டிலும் அணிவகுப்பிலும் சேர்க்கிற மார்க். நம் அம்மாமார்கள் சனிக்கிழமை டியூஷனுக்குப் பயந்து பிள்ளையை அணிவகுப்பிலிருந்தும் பந்தாட்டத்திலிருந்தும் நிறுத்திவிடுவார்கள். அப்புறம் எட்டு ஏ எடுத்தும் கோகு மார்க் இல்லாமல் பிள்ளை முழிக்கும். “இப்ப நாலாம் படிவம். இன்னிக்கே ஆரம்பிக்கணும்லா. அஞ்சாம் படிவத்துல அழுதா யாரும் மார்க் தரமாட்டாங்க” என்பாள்.

ஆனால் எல்லாவற்றுக்கும் மேலே அந்த முதல் பக்கம். “யாரு நல்லவங்களா இருந்தாலும் சரி, அவங்க நம்பரப் போடாத. மாமா நம்பர், மாமி நம்பர், கடைக்கார அண்ணன் நம்பர், ஒண்ணும் வேணாம்” என்று சொல்லும்போது அவள் குரல் மாறிவிடும். பிள்ளைகள் பயந்துபோய் எழுதுவார்கள்.

அந்தப் பக்கம் எங்கிருந்து வந்தது என்று சொல்ல வேண்டுமானால் இருபது வருஷம் பின்னால் போக வேண்டும்.

அப்போது அவள் குடியிருந்த அடுக்குமாடியின் கீழே தபால் பெட்டிகள் பாதிக்குக் கதவே கிடையாது. மின்கட்டண ரசீதே வந்து சேராது, கல்லூரிக் கடிதம் எங்கே வரும்? அதனால் எல்லாரும் பழனியப்பன் கடையின் விலாசத்தைக் கொடுப்பார்கள். பாரம் நிரப்புவதும் அவர், விலாசமும் அவருடையது, கடிதம் வந்தால் கூப்பிட்டுக் கொடுப்பதும் அவர். சாந்தினியின் அம்மா ஆஸ்பத்திரியில் கூட்டித் துடைக்கிறவர்; புருஷன் இல்லை. “அண்ணன் பாத்துக்குவாரு” என்று நிம்மதியாக இருந்தார்.

சாந்தினிக்கு எஸ்.பி.எம்.மில் ஒன்பது பாடம், ஏழில் ஏ. மெட்ரிகுலேஷனுக்குப் போட்டாள். முடிவுக்குக் காத்திருந்த நாட்களில் பழனியப்பன் சொன்னார்: “வீட்டுல சும்மாதான இருக்க, கடைக்கு வாம்மா. கம்ப்யூட்டர் தட்டத் தெரிஞ்ச புள்ள கெடைக்கமாட்டேங்குது.” போனாள். தினமும் காலையில் கேட்பாள்.

“மாமா, ஏதாச்சும் வந்துச்சா?”

“இன்னும் இல்லம்மா.”

ஒரு மாதம் கேட்டாள். கூடப் படித்த பிள்ளைகள் பெட்டி தூக்கிக்கொண்டு கிளம்பினார்கள். அதற்கப்புறம் கேட்பதை விட்டுவிட்டாள். ஒன்றரை வருஷம் கழித்து, முத்திரை மையைத் தேடிக் கீழ் இழுப்பறையைத் திறந்தபோது அந்த உறை கிடைத்தது. அவள் பெயர், மேலே பழனியப்பன் கடை விலாசம். பிரித்திருந்தது. பெர்லிஸ் மெட்ரிகுலேஷன் கல்லூரியில் அவளுக்கு இடம். பதில் தர வேண்டிய தேதி போன வருஷத்து மே மாதம்.

உறையை அவர் முன்னால் வைத்தாள். அவர் தலையைக்கூடத் தூக்கவில்லை.

“ஒங்கம்மா ஒத்தையில கஷ்டப்படுறாங்கம்மா. நீயும் போயிட்டா வீட்டுக்கு யாரு? எல்லாம் ஒன் நல்லதுக்குத்தான். அந்த மெஷின்ல மை தீந்துபோச்சு பாரு, மாத்திடு.”

நல்லதுக்குத்தானாம். கம்ப்யூட்டர் தட்டத் தெரிந்த புள்ள கிடைக்காமல் இருந்ததுதான் விஷயம். சாந்தினி மையை மாற்றவில்லை. உறையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தவள் அப்புறம் அந்தக் கடைப்படி ஏறவில்லை. அம்மா திட்டினார், அவ்வளவு நல்ல மனுஷனை மதிக்கத் தெரியவில்லை என்று. சாந்தினி தொழிற்சாலைக்குப் போனாள். இரவு வகுப்பில் ஒரு டிப்ளோமா எடுக்கவே எட்டு வருஷம் ஆனது. அந்த எட்டு வருஷத்தில் ஒரு நாள்கூட அந்த மனுஷனை அவள் மன்னிக்கவில்லை. மன்னிக்க வேண்டும் என்று தோன்றியதும் இல்லை.

இரண்டரை வருஷத்துக்கு முன்னால் ஒரு சனிக்கிழமை, ஒரு நான்காம் படிவத்துப் பெண் தெருவைக் கடந்து ஓடி வந்து அந்த மேசையில் உட்கார்ந்தாள். திரும்பித் திரும்பி எதிர்க்கடையைப் பார்த்தாள்.

“ஒம்பேரு என்ன?”

“காமினி. அக்கா, சீக்கிரம் சொல்லுங்க. டீ வாங்கப் போறேன்னு சொல்லிட்டு வந்தேன்.”

“யார்கிட்ட?”

“தாத்தாகிட்ட.” எதிர்க்கடையைக் காட்டினாள்.

பழனியப்பனின் பேத்தி. அப்பாவும் அம்மாவும் பத்து காவானில் இருக்க, பள்ளிக்கு வசதி என்று தாத்தா வீட்டில் தங்கிப் படிக்கிற பெண். பள்ளி விட்டால் கடை, சனி ஞாயிறு என்றால் காலையிலிருந்து கடை. சாந்தினி நின்ற அதே கவுண்டரில் நிற்கிறாள். சாந்தினிக்கு அப்போது வந்த சந்தோஷம் இருக்கிறதே, அதை நல்ல மனசு என்று யாரும் சொல்லிவிட முடியாது. கிழவா, நீயே கொண்டுவந்து கொடுத்துவிட்டாய் என்று உள்ளுக்குள் கும்மாளம் போட்டாள். இந்தப் பெண்ணை எவ்வளவு தூரம் அனுப்ப முடியுமோ அவ்வளவு தூரம் அனுப்புவது என்று அந்த நிமிஷமே முடிவு செய்தாள்.

முதல் அடி கோகு. காமினிக்கு ஒரு மார்க்கும் இல்லை. சனிக்கிழமை முழுக்கக் கடையில் நின்றால் எங்கே வரும்? பள்ளியின் முதலுதவிப் படையில் சேரச் சொன்னாள். சனிக்கிழமை காலை அணிவகுப்பு. பள்ளியிலிருந்து கடிதம் வந்துவிட்டதால் பழனியப்பனால் தட்ட முடியவில்லை. அடுத்த சனிக்கிழமை எழுபது வயசுக் கிழவர் தானே ஃபோட்டோஸ்டாட் எடுத்து, தானே சில்லறை எண்ணி, தானே காகிதக் கட்டைச் சுமந்தார். சாந்தினி தே தாரிக்கை ஆற வைத்து ஒரு மணி நேரம் குடித்தாள்.

இரண்டு வருஷம் இப்படி. டீ வாங்குகிற ஐந்து நிமிஷத்தில் கூடுதல் கணிதமும் வேதியியலும் திட்டமாயின. காமினி கெட்டிக்காரி, ஒரு தடவை சொன்னதை மறுதடவை கேட்கமாட்டாள். எஸ்.பி.எம்.மில் எட்டு ஏ வாங்கினாள். ஆனால் மெட்ரிகுலேஷன் விண்ணப்பத்தைத் தாத்தா விடவில்லை. இந்தத் தெருவுக்கே நான் நிரப்புகிறேன், என் பேத்திக்கு வேறொருத்தரா என்று தானே உட்கார்ந்து நிரப்பினார். தன் நம்பர், தன் மின்னஞ்சல். தூரத்துக் கல்லூரி எதையும் அவர் தொடவில்லை. வீட்டுக்குப் பக்கத்தில் ஒன்றே ஒன்று. முடிவு வந்தபோது இடமில்லை.

“பரவால்லம்மா, கடை இருக்கு. இங்கேயே எதாச்சும் டிப்ளோமா படிச்சிக்கலாம்” என்றாராம் தாத்தா. சொல்லிவிட்டுக் காமினி அழுதாள். சாந்தினிக்கு இரத்தம் கொதித்தது.

மேல்முறையீடு போடலாம். எந்தக் கல்லூரியானாலும் சரி என்று போட்டால் வாய்ப்பு உண்டு. ஆனால் பதில் என்றைக்கு வரும் என்று யாருக்கும் தெரியாது. பாரத்தில் கைப்பேசி எண் கேட்டது.

“என் போனத் தாத்தா எடுத்துப் பாக்குறாருக்கா. ஒங்க நம்பர் போடட்டா?”

அம்மா நம்பரைப் போடலாம், கூட்டாளி நம்பரைப் போடலாம் என்று சொல்லியிருக்க வேண்டியவள் சாந்தினி. ஒன்பது வருஷமாக அதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறாள். ஆனால் அன்றைக்கு அவள் வாய் முந்திக்கொண்டது.

“போடு.”

ஒரு வியாழக்கிழமை மதியம், பத்து காவான் கேண்டீனில் சோற்றில் கை வைத்தபோது செய்தி வந்தது. காமினிக்கு லபுவானில் இடம். திங்கட்கிழமை மாலை ஐந்து மணிக்குள் ஏற்றுக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் இடம் போய்விடும்.

லபுவான்! விமானம் ஏறினால்தான் போக முடியும். இதைவிடத் தூரமாக அனுப்ப வேண்டுமென்றால் நாட்டை விட்டே அனுப்ப வேண்டும். சாந்தினி காமினியைக் கூப்பிட விரலை வைத்தாள்.

வைத்த விரலை எடுத்துவிட்டாள்.

திங்கட்கிழமை ஐந்து மணி தாண்டிவிட்டால்? யாருக்கும் தெரியாது. அந்தக் கிழவனின் இரத்தமும் ஒரு தடவை, ‘இன்னும் இல்லையா, இன்னும் இல்லையா’ என்று கேட்டுக் கேட்டுச் சாகட்டும். சாந்தினிக்கு ஒருத்தரும் இரக்கப்படவில்லையே, அவள் மட்டும் ஏன் இரக்கப்பட வேண்டும்? கைப்பேசியைப் பைக்குள் போட்டுவிட்டுச் சோற்றைச் சாப்பிட்டாள். நன்றாகவே சாப்பிட்டாள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் காமினி கூப்பிட்டாள்.

“அக்கா, ஏதாச்சும் வந்துச்சா?”

“இன்னும் இல்லம்மா.”

“சரிக்கா. வந்தா சொல்லுங்க.”

வைத்துவிட்டாள். சாந்தினி தொழிற்சாலை பஸ்ஸில் உட்கார்ந்திருந்தாள். பஸ் பாலத்தின் மேல் போய்க்கொண்டிருந்தது. கைப்பேசியைப் பைக்குள் போடாமல் அதையே வெறித்துக்கொண்டிருந்தாள். சொன்னது பொய் என்பதற்காக மட்டும் இல்லை. எவ்வளவு லேசாக வந்துவிட்டது அது! இருபது வருஷமாக அவள் ஒன்று நினைத்திருந்தாள்: அந்த மனுஷன் உறையை இழுப்பறையில் வைத்தபோது கொஞ்சமாவது தடுமாறியிருப்பார், ஒரு ராத்திரியாவது தூக்கம் கெட்டிருக்கும் என்று. ஒன்றும் இருந்திருக்காது. இப்படித்தான் இருந்திருக்கும். நன்றாகச் சாப்பிட்டிருப்பார்.

அவர் மேல் இருந்த கோபம் அந்த பஸ்ஸில் இரண்டு மடங்காயிற்று. அதோடு இன்னொன்றும் புத்தியில் ஏறியது. இந்த இடம் போய்விட்டால் அழப்போவது காமினி. கிழவருக்கு என்ன? கவுண்டருக்கு ஆள் கிடைத்துவிடும், ஆயுசுக்கும். சாந்தினி வாயை மூடிக்கொண்டு இருந்தால் அவருக்கு அவள் இரண்டாவது தடவை வேலை செய்கிறாள் என்று அர்த்தம்.

“நாசமாப் போக” என்று சத்தமாகவே சொன்னாள். பக்கத்து சீட்டுப் பெண் திரும்பிப் பார்த்தாள். யாரைச் சொன்னாள் என்பது சாந்தினிக்கே சரியாகத் தெரியவில்லை.

மறுநாள் சனிக்கிழமை காலை பதினொரு மணி. பழனியப்பன் கடையில் கூட்டம். சங்கத்துச் செயலாளர் கூட்ட அழைப்பிதழை அச்செடுக்க நின்றிருந்தார். காமினி கவுண்டரில். மூன்றாவது மேசையிலிருந்து எழுந்து சாந்தினி தெருவைக் கடந்தாள். பதினெட்டு வருஷத்துக்கு மேலாக ஏறாத படியை ஏறினாள். அப்துல் காதர் தேநீர் ஆற்றுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்.

பழனியப்பன் கல்லாவில் இருந்தார். அவர் முன்னால் இரண்டு காகிதங்களை வைத்தாள். ஒன்று மஞ்சள் பிடித்த பழைய உறை. மற்றது, வரும் வழியில் அச்செடுத்த ஒற்றைத் தாள்.

“இது என்னாம்மா?”

“கடுதாசி, மாமா. ஒண்ணு எனக்கு வந்தது. ஒங்க இழுப்பறையில இருந்துச்சே, ஞாபகம் இருக்கா? இன்னொண்ணு காமினிக்கு வந்தது. லபுவான்ல எடம் கெடச்சிருக்கு.”

காமினியின் கையிலிருந்த காகிதக் கட்டு தரையில் விழுந்தது. பழனியப்பன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு புதுத் தாளைப் படித்தார். படிக்கத் தெரிந்த மனுஷன். முதலில் தேதியைத்தான் பார்த்தார்.

“வியாழக்கிழமையே வந்திருக்கே. ரெண்டு நாளாச்சு. நீ ஏன் அப்பவே சொல்லல?”

“நான் வச்சிருந்தது ரெண்டு நாளு மாமா. நீங்க ஒன்றரை வருஷம்.”

செயலாளர் பழைய உறையை எடுத்தார். பெயரைப் படித்தார், விலாசத்தைப் படித்தார், உள்ளே இருந்த தேதியைப் படித்தார். ஒன்றும் கேட்காமல் திருப்பி வைத்தார். பழனியப்பனின் காது மடல்வரை சிவந்துபோயிற்று. சாந்தினி அதைக் கண் கொட்டாமல் பார்த்தாள். இருபது வருஷமாகப் பார்க்க ஆசைப்பட்டது அது.

“அந்தப் புதுக் கடுதாசிய எடுங்க மாமா. அவ கையில குடுங்க. இந்தத் தடவ ஒங்க கையாலயே குடுங்க.”

“பொம்பளப் புள்ள, அவ்ளோ தூரம்...”

“குடுங்க.”

அவர் தாளை எடுத்து நீட்டினார். காமினி தாளை வாங்கிப் படித்தாள், திரும்பவும் படித்தாள். கடைக் கம்ப்யூட்டரின் முன் உட்கார்ந்து, யாரையும் கேட்காமல், இடத்தை ஏற்றுக்கொண்டாள். அப்படியே சாந்தினியின் நம்பரை அழித்துவிட்டுத் தன் நம்பரைப் போட்டாள். அதற்குப் பிறகுதான் திரும்பினாள்.

“நேத்து கேட்டேனே, அக்கா.”

“ஆமா.”

“இல்லன்னு சொன்னீங்க.”

“ஆமா. பொய் சொன்னேன்.”

காமினி தாத்தாவைப் பார்த்தாள், சாந்தினியைப் பார்த்தாள். இரண்டு பேரையும் ஒரே பார்வைதான் பார்த்தாள். கீழே சிதறிய காகிதங்களைக் குனிந்து பொறுக்கத் தொடங்கினாள். சாந்தினி உதவிக்குக் குனிந்தபோது, “வேணாம், நானே பாத்துக்கறேன்” என்றாள்.

மூன்று வாரத்தில் லபுவானுக்குப் போய்விட்டாள். போகும்போது மேசைக்கு வரவில்லை. அங்கே போய்ச் சேர்ந்ததும் அப்துல் காதருக்கு ஒரு செய்தி அனுப்பினாள், நன்றாக இருக்கிறேன் என்று. சாந்தினிக்கு எதுவும் அனுப்பவில்லை.

இப்போது பழனியப்பன் கடைக் கண்ணாடியில் புதுப் படம் ஒன்றுகூடக் கிடையாது. சங்கத்து மேடையில் அவருக்கு நாற்காலியும் போடுவதில்லை. பழைய படங்களையும் எடுத்தாகிவிட்டது; அந்த இடத்தில் பசை மட்டும் காய்ந்து கிடக்கிறது. நடுவில், அவர் கையெழுத்திலேயே, ‘வேலைக்கு ஆள் தேவை, கம்ப்யூட்டர் தெரிந்திருக்க வேண்டும்’ என்று ஒரு அட்டை. ஐந்து மாதமாக அது அங்கேயே இருக்கிறது. சாந்தினி ஒவ்வொரு சனிக்கிழமையும் வந்த உடனே அதைப் படிக்கிறாள், முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை. இன்னமும் இனிக்கத்தான் செய்கிறது.

போன வாரம் நஜ்வா என்றொரு நான்காம் படிவத்துப் பெண் புதிதாக வந்தாள். சாந்தினி நோட்டைக் கொடுத்து, யார் நம்பரையும் போடாதே என்று தொடங்கினாள். மாமா நம்பர், மாமி நம்பர், கடைக்கார அண்ணன் நம்பர்.

“என்கிட்ட போன் இல்லக்கா. வாப்பா அடுத்த மாசம்தான் வாங்கித் தர்றாங்களாம். அதுவரைக்கும் ஒங்க நம்பர் போட்டுக்கட்டுமா? நீங்க நல்லவங்கன்னு எல்லாரும் சொல்றாங்க.”

சாந்தினி எதிர்க்கடையைப் பார்த்தாள். எழுபத்திரண்டு வயசுக் கிழவர் தனியாக நின்று ஃபோட்டோஸ்டாட் எடுத்துக்கொண்டிருந்தார். அவள் நோட்டை வாங்கி மூடினாள்.

“அடுத்த மாசம் வந்து எழுதலாம். என் நம்பர் மட்டும் வேணவே வேணாம்.”